இருப்பிடம் தெரியவில்லை என்று நான் எழுதிய நாள்

முகாம் பணிக்கு மாற்றலாகிப் போகும் இளைய வருவாய் ஆய்வாளர்கள் இப்போதெல்லாம் எனக்குப் போன் செய்கிறார்கள். அயல்நாட்டார் பற்றிய சட்டம் புதிதாகிவிட்டது. முன்பே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று ஒன்றிய அரசு விலக்கு அளித்திருக்கிறது. குடியுரிமை தரவில்லை, தண்டனை இல்லை என்கிறது, அவ்வளவுதான். அந்த விலக்கும் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். ஆகவே பழைய பதிவேடுகளைத் தூசி தட்டித் திறக்கிறார்கள். சிவப்பு மையில் அடித்திருக்கும் பெயர்களைப் பார்த்துவிட்டு, "சார், இது இன்னாத்துக்கு அடிச்சது?" என்று கேட்கிறார்கள்.

பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஊருக்குத் திரும்பியிருப்பார், இன்னொருவர் காலமாகியிருப்பார், வேறொருவர் கள்ளத்தோணி ஏறியிருப்பார். ஒரே ஒரு பெயரை மட்டும் நான் பொய் எழுதி அடித்தேன். ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு என் பணிக்கால அனுபவத்தைக் கேட்டவர்கள் ஏதாவது சாதனையை எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத விரும்புவது இந்தப் பொய்யைத்தான். படிப்பவர்கள் மனம் கனத்துப்போக வேண்டாம். அந்த முகாமில் சிரித்த அளவுக்கு நான் வேறெந்த அலுவலகத்திலும் சிரித்ததில்லை.

வேலூரில் வரலாறு முதுகலை படித்துவிட்டுத் தேர்வெழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பேரணாம்பட்டுப் பக்கம் சில ஆண்டுகள், ஒடுகத்தூரில் சில ஆண்டுகள். பயிர்க் கணக்கான அடங்கல் எழுதவும், எல்லைக் கல் தேடவும், வறட்சிக் காலத்தில் வேர்க்கடலைக் காட்டில் நடந்து சேதம் கணக்கிடவும் கற்றுக்கொண்டேன். வருவாய் ஆய்வாளராகி ஆம்பூர் முகாமுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

முகாம் என்பது மூடிப்போன ஒரு டேனரியின் கிடங்கு. உள்ளே சாக்கும் தகரமும் வைத்துத் தடுத்துத் தடுத்து வீடுகள். மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய தோல் வாடை வரும். அங்கிருந்த ஆண்கள் பெரும்பாலும் பெயின்டர்கள். மாதனூரிலிருந்து வாணியம்பாடி வரை எந்தக் கல்யாண மண்டபம் பளிச்சென்று இருந்தாலும் அது இவர்கள் கை. பெண்கள் ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்தோலான அப்பர் தைத்தார்கள்.

மாதம் இரண்டு முறை தலை எண்ணுவோம். முகாமில் அதற்குப் பெயர் செக்கிங். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண், ஓர் அட்டை, அட்டையில் ஒரு குடும்பப் படம். பெயர் கூப்பிட்டதும் குடும்பம் வந்து படத்தில் நிற்கும் அதே வரிசையில் நிற்க வேண்டும். நான் படத்தைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன், டிக் போடுவேன். கடைசிக் குடும்பம் முடிந்ததும் கடைசிப் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, நேரம் குறித்துக் கையெழுத்திடுவேன். கோடு போட்ட பிறகு வந்தவர் வராதவர்தான்.

கேட்பதற்குச் சிறைச்சாலை போல் இருக்கும். பார்ப்பதற்குக் கல்யாண வீடு போல் இருந்தது. மாதத்தில் இரண்டு நாள்தான் முகாம் முழுக்க ஓரிடத்தில் கூடும் என்பதால் பெண்கள் பட்டுச்சேலையும் பூவுமாக வருவார்கள். பெண் பார்க்கும் வேலைகூட அந்த வரிசையில்தான் நடந்தது. எங்கள் கிராம உதவியாளர் தேவராஜ், ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், மைக்கைக் கையில் வாங்கினால் கீழே வைக்க மாட்டான்.

"இருபத்தொண்ணு! இன்னா நடராசா, மாமியார கூட்டினு வந்தியா, தூக்கினு வந்தியா?"

"அவவே நடந்து வந்தவ. நான்தான் அவவுக்குப் பின்னால ஓடி வந்தனான்" என்பார் நடராசா.

இப்படி நடக்கும் செக்கிங்கில்தான் நாற்பத்தேழாம் எண் யோகேஸ்வரியை முதலில் கவனித்தேன். கைக்குழந்தையாகத் தோணியில் வந்தவள். தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு முகாமில் அம்மாவோடு வளர்ந்து, எங்கள் முகாமின் ரஞ்சனைக் கட்டிக்கொண்டு இங்கே பதிவை மாற்றிக்கொண்டவள். படத்தில் உம்மென்று இருப்பாள். நேரில் வாய் ஓயாது. ஒருமுறை நான் படத்தையும் முகத்தையும் சற்று அதிக நேரம் ஒப்பிட்டுவிட்டேன்.

"ஐயா, படத்தில இருக்கிற நான் சிரிக்கேல்ல. அதுக்காக இண்டைக்கும் மூஞ்சிய நீட்டிக்கொண்டு நிக்கவேணுமோ?" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு டிக் போட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் தனி வட்டாட்சியர் நமச்சிவாயம். அவரைப் போன்ற அதிகாரியை நான் பார்த்ததில்லை. குரல் உயராது. சட்டைப் பையில் பச்சை மைப் பேனா, கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். செக்கிங் அன்று அவருக்கு நாற்காலி போட்டால் அதில் ஒரு வயதானவரை உட்காரவைத்துவிட்டுத் தான் நிற்பார். மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு நேரம் அவரும் நிற்பார். கர்ப்பிணி யாராவது வெயிலில் நின்றால் தன் குடையைக் கொடுத்துவிடுவார். ஆனால் விதியில் ஒரு முடி அளவு தளர மாட்டார்.

"விருந்தாளிக்கு நல்லா சாப்பாடு போடணும். ஆனா வீட்டு சாவி விருந்தாளிகிட்ட போயிடக்கூடாது. சர்க்கார் நெனைக்கிறது அவ்ளோதான்" என்பார்.

எந்தக் கோப்பு போனாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கண்ணால பாத்தீங்களா?" குடிசை எரிந்தது என்று அறிக்கை வைத்தால், "கண்ணால பாத்தீங்களா?" பாராதது எதையும் எழுதக் கூடாது, பார்த்தது எதையும் எழுதாமல் விடக் கூடாது. இதற்காகவே எங்கள் பயண நாட்குறிப்பை இரண்டு படிகளில் கேட்பார். எத்தனை மணிக்கு எங்கே நின்றோம், யாரைச் சந்தித்தோம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். படித்துக் கையெழுத்திட்டு ஒரு படியைத் திருப்பி அனுப்புவார்.

அந்தக் காலத்தில் டெல்லியிலிருந்து வந்த குரல் கெடுபிடியாக மாறியிருந்தது. வந்தவர் எத்தனை பேர், உண்மையில் இருப்பவர் எத்தனை பேர், உதவி எதற்காக இன்னும் தொடர்கிறது என்று மேலிருந்து கேள்விகள். அண்டை நாட்டவருக்குக் குடியுரிமை தருவதற்காகப் பின்னால் ஒரு திருத்தம் வந்தபோது மூன்று நாடுகளின் பெயர் இருந்தது, இலங்கையின் பெயர் இல்லை. அப்படி ஒரு காற்று. அனுமதி இல்லாமல் முகாமை விட்டுப் போய், இருப்பிடம் தெரியாமல் இருப்பவர்களின் பதிவை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த உத்தரவை நான் இன்றும் முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். தோணி ஏறிப் போனவர்களின் பங்கை வேறு யாரோ வாங்கிக்கொண்டிருந்தது உண்டு.

ஆனால் நான் அந்த உத்தரவைக் கடமைக்காக மட்டும் செய்யவில்லை, விரும்பிச் செய்தேன். ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் எங்கள் ஜனங்கள் இருக்கும் நிலையைப் பார்த்தவன் நான். நமக்கே இல்லாதபோது வந்தவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்று டீக்கடையில் பேசியிருக்கிறேன். ஓர் ஆய்வுக் கூட்டத்தில் பக்கத்து முகாமின் ஆய்வாளரை எழுப்பி நிறுத்தி, பதிவேட்டைச் சுத்தம் செய்தார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் அந்தக் கைதட்டல் வேண்டும் என்று இருந்தது.

அன்று செக்கிங் மாலை நான்கு மணிக்கு. மூன்றரை மணிக்கு நான் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் இருந்தேன். முகாமிலிருந்து வேலைக்கு வருபவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். கன்டெய்னர் வந்து நிற்கும் நாள். உள்ளே ஒருவரையும் வெளியே விடுவதில்லை. டைம் ஆபீஸ் ஜன்னலில் யோகேஸ்வரி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அரை நாள் லீவு எழுதித் தந்தனான். சுப்பர்வைசர் கையெழுத்தும் போட்டவர். பிறகென்ன?"

"ஷிப்மென்ட்மா. மேனேஜர் வேணாங்கிறாரு. என்ன இன்னா பண்ண சொல்ற?" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயா! நல்ல நேரம் வந்தீங்கள். இவையளிட்ட ஒருக்கா சொல்லுங்கோ, இண்டைக்குச் செக்கிங் எண்டு."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அரசாங்க ஆள் என்று ஜன்னலுக்குள் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். நான் என்ன சொன்னேன் என்பது எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "அது உங்க கம்பெனி விஷயம்மா. நாலு மணிக்கு லைன்ல நில்லு."

"ஓம் ஐயா, எப்பிடியும் ஓடி வந்திடுவன்" என்று சிரித்தபடியே சொன்னாள்.

முகாமில் தேவராஜ் நாற்பத்தேழைக் கூப்பிட்டான். ரஞ்சனும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். படத்தில் உள்ள வரிசை மாறக் கூடாது என்று நடுவில் அவளுக்கு ஓர் இடம் விட்டு நின்றார்கள்.

"கொம்பனியில ஐயா. வந்துகொண்டிருக்கிறா" என்றான் ரஞ்சன்.

நமச்சிவாயம் ஐயா என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு தெரியுமா? கண்ணால பாத்தீங்களா?"

"இல்லீங்க ஐயா" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. பார்த்தேன் என்றால் வருகை என்று ஆகாது, ஆனால் நீக்கவும் முடியாது. இல்லை என்றால் அந்த உத்தரவுப்படி ஒரு பெயர் குறையும். எனக்கு அந்தக் குறைந்த பெயர் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கடைசிக் குடும்பம் முடிந்ததும் ஸ்கேலை எடுத்தேன். தேவராஜ் குனிந்து, "சார், கோட்ட கொஞ்சம் மெதுவா போடுங்க. அந்தாண்ட ஷேர் ஆட்டோ சத்தம் கேக்குது" என்றான். நான் வழக்கத்தைவிட வேகமாகப் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து, கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், விரல்களில் பசை காய்ந்திருக்க, அவள் ஓடி வந்தாள். "ஐயா, நான் இஞ்ச நிக்கிறன்! இஞ்சதான் நிக்கிறன்!" நான் தலையைத் தூக்கவில்லை. நமச்சிவாயம் ஐயா அதற்குள் ஜீப்பில் ஏறியிருந்தார். மறுநாள் நீக்கல் பத்தியில் எழுதினேன்: அனுமதியின்றி வெளியேற்றம், இருப்பிடம் தெரியவில்லை.

அடுத்த குடியரசு நாளில் எனக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. என் மனைவி சரோஜா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள்.

யோகேஸ்வரி மனுக்கள் கொடுத்தாள். எல்லாம் அறிக்கை கேட்டு என்னிடமே திரும்பி வந்தன. 'விதிப்படி நீக்கப்பட்டுள்ளது' என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். அவள் முகாமில்தான் இருந்தாள், யாரும் துரத்தவில்லை. ஆனால் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பதிவு இருந்தது, அவளுக்கு இல்லை. தன் வீட்டிலேயே பெயரில்லாத ஆள். செக்கிங் தவறாமல் வந்து தன் இடத்தில் நிற்பாள். நான் ரஞ்சனுக்கு டிக் போடுவேன், பிள்ளைகளுக்கு டிக் போடுவேன்.

"ஐயா, நான் கண்ணுக்குத் தெரியிறனோ?" என்பாள். வரிசை சிரிக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். எழுத எழுதக் கூசுவது இந்த இடம்தான். பொய் எழுதியதைவிட அந்தச் சிரிப்பு மோசம்.

இரண்டு ஆண்டில் எனக்கு மாற்றல் வந்தது. பிறகு பதவி உயர்வு, ஓய்வு, மாலை, பிரிவுபசார பிரியாணி. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

விலக்கு ஆணை வந்த சில வாரங்களில் தேவராஜ் போன் செய்தான். அவனுக்கு இன்னும் ஓய்வு வரவில்லை.

"சார், நாப்பத்தேழு யோகா ஞாபகம் கீதா? எல்லாருக்கும் ஆர்டர்ல பேரு வருது, அதுக்கு மட்டும் வர்ல. பதிவே இல்லாத ஆளுன்னா கேஸு ஆயிடுமாம். ரஞ்சன் ரொம்ப பேஜாராகி உக்காந்துனு கீறான். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். அப்போ நீங்க சொல்லாத வார்த்த ஒண்ணு பாக்கி கீதே."

அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. "இன்னும் ஒண்ணு சார்" என்றான். "அதோட அம்மா அந்தக் கடலோரக் கேம்ப்ல செத்துப்போச்சு. உங்களுக்கு மாத்தல் வந்த வருஷம். பதிவு இல்லாததால போறதுக்கு பாஸ் குடுக்கல. கேம்ப் கேட்ட தாண்டிப் போனா திரும்ப உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு, புள்ளைங்கள வெச்சினு அது போகவே இல்ல."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தேன். 

இப்போதைய தனி வட்டாட்சியர் காயத்ரி, முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, கணினியில் எதையோ தேடினார்.

"சார், நான் தப்பா ரிப்போர்ட் குடுத்தேன்னு ஒருத்தர் தானா வந்து எழுதிக் குடுக்கறதுக்கு நம்ம டிபார்ட்மென்ட்ல ஃபார்மே இல்ல."

"வெள்ளப் பேப்பர்ல எழுதறேன் மேடம்."

"எழுதுங்க. ஆனா இத்தன வருஷம் கழிச்சு நீங்க சொல்றத மட்டும் வெச்சு மேல அனுப்பினா, ரிடையர் ஆனவரு யாருக்கோ ஹெல்ப் பண்றாருன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அந்தப் பொண்ண அன்னைக்கு நீங்க பாத்தீங்கங்கறதுக்கு அப்பவே எழுதின ரெக்கார்ட் ஏதாச்சும் இருக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிவேட்டில் பொய் எழுதிய அதே கையால் அன்று நாட்குறிப்பில் உண்மை எழுதியிருக்கிறேன். மூன்றரை மணிக்குக் கம்பெனி கேட்டுக்குப் போனதற்குக் காரணம் காட்ட வேண்டுமே. பொய் சொல்பவன் இரண்டிலும் பொய் சொல்ல வேண்டும் என்ற புத்திகூட இல்லாமல், இருபது வருடப் பழக்கத்தில், சந்தித்த ஆளின் பெயரையும் அட்டை எண்ணையும் போட்டு வைத்திருக்கிறேன். வருவாய் ஆய்வாளனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத மடத்தனம்.

வீட்டுக்கு ஓடி வந்து பரண் மேல் ஏறினேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சரோஜா சத்தம் போட்டாள். "இன்னாங்க தேடறீங்க? இந்த வயசுல பரண் மேல என்ன புதையலா கீது?"

"கிடைச்சா புதையல்தான், பிடி."

"விழுந்தா நான் பிடிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

பழைய நாட்குறிப்புப் படிகளின் கட்டு கிடைத்தது. அந்த மாதத்துப் பக்கத்தைத் திறந்தேன். '3.30 மணி, கம்பெனி நுழைவாயில். பட்டியல் சரிபார்ப்பு. முகாம்வாசி யோகேஸ்வரி (எண் 47) சந்திப்பு. எண்ணிக்கைக்கு வர அறிவுறுத்தப்பட்டது.' என் கையெழுத்து. கீழே நமச்சிவாயம் ஐயாவின் கையெழுத்து. அந்த வரியின் ஓரத்தில், பச்சை மையில், சின்னதாக ஒரு கேள்விக்குறி.

அவர் படித்திருக்கிறார். கண்டுபிடித்திருக்கிறார். அவர் வழக்கப்படி, பதில் எழுத வேண்டியவனிடம் கேள்வியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மாதமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. திரும்பி வந்த படியை நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டி வைத்துவிட்டேன். இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சரோஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சுவரிலிருந்த நற்சான்றிதழைக் கழற்றினாள். "சட்டம் நல்லாருக்கு. பேத்தி போட்டோ போட்டுக்கலாம்" என்றாள்.

காயத்ரி மேடம் நாட்குறிப்பைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சார், ஒரே நாள்ல ஒரே ஆபீசர் ரெண்டு ரெக்கார்ட்! இது போதும். அந்த நீக்கமே செல்லாது." ஆறு பக்க வாக்குமூலம் எழுதினேன். எழுதி முடித்ததும், "என் மேல இன்னா நடவடிக்கை வரும்?" என்று கேட்டேன்.

"ரிடையர் ஆனவங்க மேல நாலு வருஷத்துக்கு மேல பழசான விஷயத்துக்கு ஒண்ணும் எடுக்க முடியாது சார்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு மெமோகூட கெடையாது. சாரி சார்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

தண்டனை அங்கே கிடைக்கவில்லை என்பதால் முகாமுக்குப் போனேன். கிடங்கு இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கான்கிரீட் வீடுகள். மறுவாழ்வு முகாம் என்று பெயர்ப்பலகை. யோகேஸ்வரி வாசலில் புட்டுக் குழல் கழுவிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கம்பெனியில் இப்போது ஒரு லைனுக்கே அவள்தான் சூப்பர்வைசர் என்று தேவராஜ் வழியில் சொல்லியிருந்தான்.

"யோகேஸ்வரி, நான் உன்ன அன்னைக்கு கேட்ல பாத்தேம்மா. பாத்துட்டு பாக்கலன்னு சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும்தானே ஐயா. நீங்கள் என்னைப் பார்த்ததை நானும் பார்த்தனான்."

"ஏன் அப்பவே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னனான். ஒன்பது மனு. எல்லாத்திலயும் எழுதினனான், ஐயா என்னைக் கேட்டில கண்டவர் எண்டு. அதையெல்லாம் ஆர் வாசிச்சது? நீங்கள்தானே."

உண்மைதான், நான்தான் வாசித்தேன். அந்த வரியைத் தாண்டித் தாண்டி வாசித்தேன்.

"உங்க அம்மா விஷயம் தேவராஜ் சொன்னான். என்ன மன்னிச்சிடும்மா."

அவள் குழலைக் கவிழ்த்து வைத்தாள். "மன்னிப்பெண்டா உடன தாற சாமான் இல்ல ஐயா. நான் யோசிக்கவேணும். அம்மாவையும் கேக்கவேணும். நீங்கள் இப்ப இருங்கோ, புட்டு ஆறுது."

சாப்பிட்டேன். மீன் குழம்பு உறைப்பில் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. "ஐயா அழுறாரா, உறைக்குதா?" என்று ரஞ்சன் கேட்டான். "ரெண்டும்தான்னு எழுதிக்கோ" என்றான் தேவராஜ்.

கோப்பு சென்னை வரை போய் இரண்டு மாதத்தில் திரும்பியது. அன்று செக்கிங். காயத்ரி மேடம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். தேவராஜ் மைக்கைப் பிடித்து நாற்பத்தேழு என்றதும் முகாமே பேச்சை நிறுத்தியது. ரஞ்சன் வந்தான். வளர்ந்து நின்ற இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். நடுவில், மாம்பழ நிறப் பட்டுச்சேலையில், அவள். மேடம் டிக் போட்டு, "யோகேஸ்வரி, பதிவு மீண்டும் சேர்க்கப்பட்டது" என்று உரக்கப் படித்தார். பெண்கள் குரவையிட்டார்கள். யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். நடராசா தன் மாமியாரின் கையைப் பிடித்து ஆடினார், அந்த அம்மாளும் ஆடினாள். "இன்னொரு தபா படிங்க மேடம், பின்னாடி கேக்கலயாம்!" என்று தேவராஜ் மூன்று முறை படிக்கவைத்தான். நான் கை வலிக்கத் தட்டினேன். இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த கைதட்டல்களைவிட நான் தட்டிய அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

சத்தம் அடங்குவதற்குள் யோகேஸ்வரி மேசை முன் வந்து நின்றாள். கையில் எழுதித் தயாராக வைத்திருந்த ஒரு மனு. வெளியூர் போய்வர ஒரு வார அனுமதி. மேடம் அங்கேயே கையெழுத்திட்டார்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம், ரஞ்சனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் காற்றும் அலையும் சேர்ந்து இரைந்தன.

"ஐயா, நான் யோகா. அம்மாவை அடக்கம் பண்ணின இடத்தில நிக்கிறன். கடற்கரைக்குக் கிட்ட, நல்ல இடம். எல்லாம் சொல்லிப்போட்டன். பிள்ளையள் படிக்கிறது, நான் சுப்பர்வைசர் ஆனது, பதிவு வந்தது. உங்கட கதையும் சொன்னனான்."

"இன்னாம்மா சொன்ன என்னப் பத்தி?"

அலைச் சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்தாள். 

"அது நான் அம்மாட்டச் சொன்னது ஐயா. உங்களுக்கில்ல."